நடுங்கும் கையோடு பத்து மீட்டர்: ஏர் பிஸ்டல் தொடங்குபவர்களுக்கு

நான் கோவையில் ரவிக்கை தைக்கும் டெய்லர். 41 வயதில் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்தேன், இப்போது 45. பள்ளியில் ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்த மகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் முதலில் என் வேலை. அவள் சுடும் ஒன்றரை மணி நேரமும் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பயிற்சியாளர், "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வந்து ஒரு பத்து குண்டு சுட்டுப் பாருங்கம்மா" என்றார். அந்தப் பத்தில் மூன்று, குறி அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்த முன் சைட்தான், குழாய் நுனியில் குறி பார்க்க இருக்கும் அந்தச் சின்னக் கட்டைதான், நின்றது.

அதன் பிறகு என் வயதுப் பெண்கள் பலர், வேலைக்குப் போகும் பையன்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: எப்படித் தொடங்குவது, எங்கே போவது, என்ன வாங்குவது? எல்லாருக்கும் வாயால் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். இது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு மட்டும். ரைஃபிள் வேறு உலகம். அங்கே கெட்டியான கான்வாஸ் ஜாக்கெட், பேன்ட், இரண்டு கைப் பிடிப்பு எல்லாம் உண்டு. அங்கே பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்தப் பிரிவுக்காரர். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் சுடுவது டிராப், அதாவது பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் அடிப்பது. பிஸ்டலில் ஜாக்கெட் கிடையாது, தாங்குவதற்கு எதுவும் கிடையாது. ஒரு கையால் ஏறக்குறைய ஒரு கிலோவை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 60 முறை.

வாங்குவதற்கு முன்னால்

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தால் கிளப் பிஸ்டல் இருக்கும், பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கைக்கு எந்தப் பிடி பொருந்தும், உங்களுக்கு இதில் மனசு நிற்குமா என்பதெல்லாம் அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். நான் அவசரப்பட்டு ஒரு கடையில் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். பிடி பெரிய சைஸ், என் கையோ சின்னது. "கொஞ்ச நாள் புடிச்சா பழகிரும்" என்றார்கள். பழகவில்லை. எட்டு மாதம் மணிக்கட்டு வலியோடு சுட்டுவிட்டு, கடைசியில் தனியாக ஒரு சின்ன சைஸ் பிடியை வாங்கிப் பொருத்தினேன். அந்தச் செலவையும் அந்த எட்டு மாதத்தையும் நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

லைசென்ஸ் பற்றி எல்லாரும் பயந்துபோய்க் கேட்கிறார்கள். 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குழாய் அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் ஆயுத லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டி ஏர் பிஸ்டல்கள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பவை. கடையில் அடையாளச் சான்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் மொட்டை மாடியில் நின்று சுடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப் பறவைகளைச் சுடுவது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண் போனால் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது. ரேஞ்சில், அதாவது சுடுவதற்கென்றே உள்ள இடத்தில் மட்டும் சுடுங்கள்.

வாங்கும் காலம் வரும்போது ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி என்று வெளிநாட்டுப் பெயர்கள் காதில் விழும். நம் நாட்டிலேயே பிரெசிஹோல் செய்கிறார்கள். தொடக்கத்தில் எதில் சுட்டாலும் துப்பாக்கி உங்களைவிடத் துல்லியமாகத்தான் சுடும். பிராண்டைவிடப் பிடியின் சைஸைப் பாருங்கள், சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். 200 பார் அழுத்தம் அடைத்த குழாய் அது. தேதி போன சிலிண்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எந்தக் கண்

சுடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடுங்கள். அந்த ஓட்டை வழியாகத் தூரத்திலுள்ள சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கைக்காரருக்கு வலது கண் ஆண்டால் சிக்கலில்லை. கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று இருந்தால் முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். கை மாற்றுவதா, தலையைக் கொஞ்சம் திருப்புவதா என்பதை அவர் பார்த்து முடிவு செய்வார்.

சுடாத கண்ணை இறுக்கி மூடாதீர்கள். ஒரு கண்ணை மூடினால் மற்றதும் சேர்ந்து இறுகும், இருபது குண்டுக்குள் களைத்துவிடும். நெற்றிப் பட்டையிலோ கண்ணாடியிலோ ஒரு சின்ன மறைப்பை மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். போட்டியில் முன் மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. நான் தையல் கடையில் மிஞ்சிய வெள்ளை பக்ரம் துண்டை வெட்டித்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். வெள்ளையாக இருப்பது நல்லது. கறுப்பாக இருந்தால் அந்தக் கண்ணின் பாப்பா விரிய, சேர்ந்து இந்தக் கண்ணின் பாப்பாவும் விரியும், பார்வை மங்கும்.

நாற்பது தாண்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் முன் சைட்டும் மங்கும், அட்டையும் மங்கும். தூரக் கண்ணாடியைப் போட்டால் அட்டை பளிச்சென்று தெரியும், முன் சைட் கரைந்துபோகும். பைஃபோக்கலில் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிதான் மிஞ்சும். எனக்கு வழி காட்டியவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். தூரப் பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டிச் சுடும் கண்ணுக்கு மட்டும் ஒரு லென்ஸ் போடுங்கள் என்றார். கையை நீட்டி முன் சைட் இருக்கும் தூரத்தைக் காட்டி இரண்டையும் போட்டுப் பார்த்தேன், எனக்கு +0.75 சரியாக வந்தது. இரண்டு வருடமாக "வயசாச்சு, கண்ணு போச்சு" என்று நினைத்திருந்தவள் அன்றைக்கு முன் சைட்டின் மேல் விளிம்பைக் கோடு போட்ட மாதிரி பார்த்தேன்.

நிற்பது

கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். உடம்பு குறிக்குப் பக்கவாட்டில் இருக்கும், சுடும் தோள் முன்னால். எடை இரண்டு பாதத்திலும் சமம். முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாதீர்கள். சுடாத கை பாக்கெட்டிலோ இடுப்புப் பெல்ட்டிலோ இருக்கட்டும். தொங்கவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடி உடம்பையே ஆட்டும். நான் முதல் வருடம் சுடிதாரில் சுட்டேன், கை வைக்க இடமில்லை. பிறகு சுடிதாருக்கே பக்கப் பாக்கெட் வைத்துத் தைத்துக்கொண்டேன், உள்ளே கனமான துணி கொடுத்து. எங்கள் கிளப்பில் ஏழு பேருக்கு அந்த மாதிரி தைத்துக் கொடுத்திருக்கிறேன். செருப்போடு நிற்காதீர்கள். அடி தட்டையான ஷூ வேண்டும், கணுக்கால் எலும்பை மூடக் கூடாது.

இப்போது இந்தப் பகுதியின் முக்கியமான விஷயம். பிஸ்டலைத் தூக்கிக் குறி வையுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் பிஸ்டல் எங்கே நிற்கிறது? இடது பக்கம் போயிருந்தால் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டும் இடம் அது. கையை இழுத்து நேராக்காதீர்கள். பின் காலை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டு மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது தானாகவே குறிக்கு நேராக நிற்கும் வரை இதைச் செய்யுங்கள். கையால் இழுத்து நேராக்கினால் முதல் பத்து குண்டு சரியாகப் போகும். நாற்பதாவது குண்டில் தசை களைத்து, பழைய இடத்துக்கே போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் பாத ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் குடிக்க நகர்ந்தாலும் திரும்பி வந்து அதே கோட்டில் நிற்கலாம்.

பிடி

பிஸ்டலை இடது கையால் எடுத்து வலது கைக்குள் வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு பிடியின் மேல் பகுதியில் ஆழமாக உட்கார வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும்தான் பிடிப்பவை. சுண்டுவிரல் சும்மா இருக்கும். ஆள்காட்டி விரல் எங்கும் மரத்தைத் தொடக் கூடாது, ட்ரிகரைத் தவிர. கீழே ஒரு பலகை உள்ளங்கையைத் தாங்கும், அதை ஏற்றி இறக்கலாம். இறுக்கிப் பூட்டாதீர்கள், கை அதில் உட்கார்ந்தால் போதும்.

ரவிக்கை தைக்கிறவளுக்கு இது உடனே புரிந்தது. அளவு சரியாக இருந்தால் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. பிடியில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடிக்க உள்ளங்கையில் லேசாகச் சாக்பீஸ் தூள் தடவிப் பிடித்துப் பாருங்கள். தூள் ஒட்டாத இடம் காலி இடம். அங்கே மர மாவுப் பசையை வைத்து நிரப்பலாம். அழுத்தித் தழும்பு விழும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். ஒரே நாளில் தேய்த்துவிடாதீர்கள். கொஞ்சம் தேய்த்து ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள். துணியை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது என்பது மாதிரிதான் இதுவும்.

சரியான பிடிக்குச் சோதனை: கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள், திறந்தால் முன் சைட், கண்ணுக்குக் கிட்டே இருக்கும் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருகிச் சரி செய்ய வேண்டியிருந்தால் பிடி இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை.

கை நடுங்கும், நடுங்கட்டும்

எல்லாரும் முதல் நாள் சொல்வது, "அக்கா, கை நடுங்குதே." எனக்கும் நடுங்குகிறது. மனு பாக்கருக்கும் நடுங்கும். இதயம் துடிக்கும் உடம்பில் ஒரு கையை நீட்டினால் அசையாமல் நிற்காது. பாரிஸ் 2024 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு 580 எடுத்தார், அதாவது 600-க்கு இருபது புள்ளி விட்டார். அதோடுதான் இறுதிக்குப் போய் வெண்கலம் வாங்கினார். தகுதிச் சுற்று உலக சாதனையாகத் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009-ல் எடுத்ததும் 594-தான். அசையாத கை யாருக்கும் இல்லை.

ஏன் நடுங்கினாலும் பரவாயில்லை என்பதைக் கணக்காகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் என் ஸ்கோர் மாறியது. அட்டையில் பத்து வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். குண்டு 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே இரண்டு சைட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கும்போது கை மொத்தமாக நடுவிலிருந்து எந்தப் பக்கம் 7 மில்லிமீட்டர் ஆடினாலும் பத்துதான். இனி மற்றதைப் பாருங்கள். கை ஆடவே இல்லை, ஆனால் முன் சைட் மட்டும் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் ஓரமாகப் போய்விட்டது. இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 சென்டிமீட்டர் என்றால், பத்து மீட்டரில் அந்த ஒரு மில்லிமீட்டர் 31 மில்லிமீட்டராக விரியும். ஏழு. கறுப்பின் விளிம்பு.

அதனால் பார்க்க வேண்டியது அட்டையை இல்லை, முன் சைட்டின் மேல் விளிம்பை. அது பின் சைட்டோடு சம உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சம வெளிச்சம் தெரிய வேண்டும். அட்டையின் கறுப்பு மங்கலான பந்தாக மேலே தெரிந்தால் போதும். கறுப்புக்குள் குறி வைக்காதீர்கள். கறுப்பு சைட் கறுப்புக்குள் போனால் எது எது என்றே தெரியாது. கறுப்புக்குக் கீழே வெள்ளையில் ஒரு பட்டை விட்டு அங்கே பிடியுங்கள், குண்டு நடுவில் விழும்படி சைட்டை வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது இரண்டு மாதம் புரியவில்லை. தவறாமல் கண் அட்டைக்கு ஓடிவிடும். ஒரு நாள் பயிற்சியாளர், "ஊசியில நூல் கோக்கறப்ப பின்னாடி இருக்கற சுவத்தையா பாப்பீங்க?" என்று கேட்டார். ஊசிக்காதைத்தான் பார்ப்பேன். அதன் பிறகு அவர் விளக்கவே இல்லை. நான் இன்றைக்கும் பிஸ்டலைத் தூக்கும்போது மனசுக்குள் "ஊசிக்காது" என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு குண்டு

குண்டைப் போட்டு மூடுங்கள். பிஸ்டல் மேசையில் ஊன்றி இருக்கட்டும். ஒரு முழு மூச்சு. மூச்சை இழுத்துக்கொண்டே கையைக் கறுப்புக்கு மேலே தூக்குங்கள். மூச்சை மெதுவாக விட்டபடி இறக்குங்கள். இறங்கும்போதே ட்ரிகரின் முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள், அது சும்மா தளர்வாக வந்து ஓரிடத்தில் நிற்கும். குறிப் பகுதிக்கு வந்ததும் மூச்சு பாதியில் தானாக நிற்கும். அங்கே பிஸ்டல் ஒரு சின்ன வட்டத்துக்குள் மிதக்கும். மிதக்கட்டும். கண் முன் சைட்டில். விரல் நேராகப் பின்னோக்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும்.

இங்கேதான் புதியவர்கள் கெடுக்கிறார்கள். "இப்ப சரியா இருக்கு, இப்ப அடி" என்று மனசு கத்தும், விரல் வெடுக்கென்று இழுக்கும், மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும். வலது கைக்காரருக்குக் குண்டு கீழே இடது பக்கம் போய் உட்காரும். உங்கள் அட்டையில் ஓட்டைகள் அந்த மூலையில் கூட்டமாக இருந்தால் சைட்டைத் திருகாதீர்கள், விரலைத் திருத்துங்கள். மோட்டார் மெஷினின் மிதியை மெல்ல மெல்ல அழுத்தினால்தான் தையல் சீராக ஓடும், மிதித்தால் நூல் அறும். ட்ரிகரும் அப்படித்தான். வெடித்தது உங்களுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்க வேண்டும்.

குறிப் பகுதிக்கு வந்து ஆறு, எட்டு விநாடிக்குள் குண்டு போய்விட வேண்டும். பத்து விநாடி ஆகியும் போகவில்லை என்றால் இறக்குங்கள். அதற்கு மேல் கண்ணுக்கும் தசைக்கும் காற்றுப் பற்றாது, நடுக்கம் கூடும். இறக்குவதற்கு மனசு ஒப்பாது, "இவ்வளவு நேரம் பிடித்தாயிற்றே" என்று தோன்றும். எனக்கு ஆறுகள் விழுந்ததெல்லாம் இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காமல் சுட்டவை. என் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இறக்கலை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெடித்த பிறகும் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். விரல் ட்ரிகரில், கண் முன் சைட்டில். ஏர் பிஸ்டல் குண்டு விநாடிக்குச் சுமார் 150 மீட்டர்தான் போகும். விரல் அழுத்திய பிறகும் அது குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் எட்டிப் பார்த்தால் குண்டும் எட்டிப் பார்க்கும். நின்றுகொண்டு, எங்கே போயிருக்கும் என்று மனசுக்குள் சொல்லுங்கள்: "கொஞ்சம் வலது, ஒன்பது." அப்புறம் அட்டையைப் பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் நீங்கள் முன் சைட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சைட்டைத் திருகுவது பற்றி ஒரே விதிதான். ஒரு குண்டை வைத்துத் திருகாதீர்கள், ஐந்து குண்டு ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால் மட்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட் நகர வேண்டும்.

வீட்டில்

ரேஞ்சுக்கு வாரம் இரண்டு நாள்தான் என்னால் போக முடியும், முகூர்த்த மாதங்களில் ஒரு நாள்கூட அபூர்வம். அதனால் என் பயிற்சியில் பாதிக்கு மேல் வீட்டில் நடந்ததுதான். பிஸ்டல் இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், எடை ஏறக்குறைய அதேதான். பக்கவாட்டில் நின்று நீட்டிப் பிடியுங்கள், முப்பது விநாடி பிடி, முப்பது விநாடி ஓய்வு, பத்து முறை. தோள் குத்தினால் நிறுத்துங்கள்.

பிஸ்டல் இருப்பவர்கள் டிரை ஃபயர் செய்யுங்கள், அதாவது குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுங்கள். பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் வேலை செய்ய ஒரு வசதி உண்டு. முதலில் குழாய் காலி என்று இரண்டு முறை பாருங்கள். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குறி எதுவும் இல்லாமல், முன் சைட்டைப் பார்த்துக்கொண்டே ட்ரிகரை விடுங்கள். குறி இல்லாததால் மனசு ஸ்கோரைத் தேடாது. ட்ரிகர் விழும்போது முன் சைட் துள்ளுகிறதா என்பது மட்டும் தெரியும். தினம் இருபது நிமிடம் போதும். நான் ராத்திரி கடை சாத்திய பிறகு, கட்டிங் டேபிளுக்கு முன்னால் நின்று செய்கிறேன்.

ரேஞ்சில் மாறாத சில

குழாய் எப்போதும் குறிப் பக்கம்தான். யாராவது கூப்பிட்டால் பிஸ்டலோடு திரும்பக் கூடாது, வைத்துவிட்டுத் திரும்புங்கள். சுடாதபோது ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நூல் குழாய் முழுவதும் ஓடி வெளியே தெரிய வேண்டும். யாராவது முன்னால் போயிருந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது. "ஸ்டாப்" என்றால் பாதி அழுத்திய ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும். பெல்லட் ஈயம். வாயில் வைக்காதீர்கள், சுட்ட கையோடு வடை தின்னாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தின்னுங்கள். குழந்தையோடு வருகிற அம்மாக்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

முதல் போட்டி

ஆறேழு மாதத்தில் மாவட்ட அளவிலோ கிளப்புக்குள்ளோ ஒரு போட்டியில் சுடுங்கள், ஸ்கோர் எவ்வளவாக இருந்தாலும் சரி. அங்கிருந்து மாநிலம், மண்டலம், தேசியம் என்று ஏணி இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் வேண்டிய தகுதி மதிப்பெண்ணை அந்தந்த வருடச் சுற்றறிக்கையில் பாருங்கள். 45 தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் பிரிவு தனியாக உண்டு. பெண்கள் முன்பு 40 குண்டுதான் சுட்டார்கள், 2018 முதல் ஆண்களைப் போல 60. எலக்ட்ரானிக் குறியாக இருந்தால் 75 நிமிடம், அதற்கு முன்னால் தயாராகவும் பழகிச் சுடவும் 15 நிமிடம்.

காலையில் ஆயுதப் பரிசோதனை நடக்கும். 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டி, குழாய் மேல்நோக்கி இருக்கும்படி தூக்குவார்கள். எடை தூக்கப்படும்போது ட்ரிகர் விழக் கூடாது. என்னுடையது முதல் முறை விழுந்துவிட்டது, கை கால் வெலவெலத்துப் போனது. பக்கத்திலிருந்த ஒரு காலேஜ் பையன் ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பிக் கொடுத்தான், அடுத்த முறை நின்றது. இதை முந்தின நாளே கிளப்பில் சோதித்துவிடுங்கள். பிஸ்டல் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கடைப் பிஸ்டல்களில் இதில் பிரச்சினை வராது. பிடியில் நிறையப் பசை வைத்தவர்கள் மட்டும் அளந்து பாருங்கள்.

அன்றைக்கு நான் செய்த பெரிய பிழை, பக்கத்து லேன் (பக்கத்தில் நின்று சுடுகிறவரின் இடம்) அட்டையைச் சுட்டது. இருபத்திரண்டாவது குண்டு. என் லேன் எண் 14, சுட்டது 15. பக்கத்து லேனில் சுட்டால் உங்கள் கணக்கில் பூஜ்யம். அதிலிருந்து ஒவ்வொரு முறை தூக்குவதற்கு முன்னும் என் எண்ணை ஒரு தரம் பார்க்கிறேன், அறுபது தடவையும்.

ஒரு ஆறு விழுந்தால் அதை அடுத்த குண்டில் ஈடுகட்ட முடியாது. ஒரு குண்டுக்குப் பத்துக்கு மேல் கிடையாது. நாற்காலியில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், நேரம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனுவின் பிஸ்டல் நடுவில் பழுதாகி, நிமிடக் கணக்கில் நேரம் போய், அதன் பிறகும் வந்து நின்று 575 எடுத்தார். இறுதிக்குப் போக முடியவில்லை. ஆனால் அந்தச் சுற்றை முழுவதும் சுட்டு முடித்தார். என் முதல் போட்டியில் 487. போன மாதம் 541. நடுவில் நான்கு வருடம், ஏழு நோட்டுப் புத்தகம்.

கடைசிக் குண்டு போனதும் பிஸ்டலைத் திறந்து வையுங்கள், நூலைக் கோர்த்து அதிகாரி வந்து குழாயைப் பார்க்கும் வரை லேனை விட்டு நகராதீர்கள். கை கழுவுங்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே நோட்டை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை குண்டில் முன் சைட்டைப் பார்த்தீர்கள், எத்தனை தடவை இறக்கினீர்கள், சாப்பிட்டது என்ன. மூன்றாவது எதற்கு என்று கேட்பீர்கள். காலையில் காபி குடித்த நாளில் என் வட்டம் பெரிதாகிறது. இதை நோட்டில்தான் கண்டுபிடித்தேன், பதினோரு மாதம் கழித்து.